பழைய பைட்கோடை பைத்தான் எப்போது நம்பும்?

பைத்தான் ப்ரோகிராமை ஒருமுறை ஓட்டினால் பக்கத்தில் பைகேஷ் என்று ஒரு ஃபோல்டர் முளைத்திருக்கும். பலர் குப்பை என்று நினைத்து அதை அழித்துவிடுகிறார்கள். அழித்தாலும் பாதகமில்லை, அடுத்த முறை தானாக வந்துவிடும். ஆனால் உள்ளே இருப்பது குப்பை இல்லை. ப்ரோகிராம் இம்போர்ட் செய்யும், அதாவது உள்ளே இழுத்துக்கொள்ளும் மாட்யூல்களை (தனிக் கோடு கோப்புகளை) பைத்தான் முதலில் பைட்கோடாக, அதாவது தான் இயக்கக்கூடிய இடைநிலை வடிவமாக மாற்றியாக வேண்டும், அந்த வேலையை ஒவ்வொரு தடவையும் செய்யாமலிருக்க, மாற்றியதை பிஒய்சி கோப்பாக அங்கே எழுதி வைத்துக்கொள்கிறது. நேரடியாக ஓட்டும் முதன்மைக் கோப்புக்கு இது கிடையாது.

சரி, மறுநாள் இம்போர்ட் செய்யும்போது அந்தக் கோப்பை நம்பலாமா? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. முதல் 16 பைட்டைப் பார்த்தே பைத்தான் முடிவெடுத்துவிடும். பைத்தான் 3.12 பதிப்பு எழுதிய கோப்பைத் திறந்து முதல் நான்கு பைட்டை எண்களாகப் படித்தால் 203, 13, 13, 10 என்று வரும். முதல் இரண்டையும் சேர்த்தால், அதாவது 13-ஐ 256-ஆல் பெருக்கி 203-ஐக் கூட்டினால், 3531. அதுதான் மேஜிக் நம்பர், பைட்கோடு எந்தப் பதிப்புக்கானது என்று காட்டும் அடையாள எண். 3.11-க்கு அது 3495, ஆகவே ஒரு பதிப்பின் பைட்கோடை இன்னொன்று தொடாது. பின்னால் வரும் 13, 10 இரண்டும் வரிமுடிவுக் குறிகள்! டெக்ஸ்ட் கோப்பு என்று நினைத்து எந்த மென்பொருளாவது நகலெடுக்கும்போது வரிமுடிவை மாற்றிவிட்டால், முதலில் அடிபடுவது இந்த இரண்டு பைட்டுதான், கெட்டுப்போன கோப்பு வாசலிலேயே மாட்டிக்கொள்ளும். எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்!

அடுத்த நான்கு பைட் சோதனை முறையைச் சொல்லும். அப்புறம் மூலக் கோப்பு, அதாவது நாம் எழுதிய கோப்பு, கடைசியாக மாறிய நேரம், அதன் அளவு, தலா நான்கு பைட். எல்லாம் பொருந்தினால் மீதியைப் படித்து அப்படியே இயக்கும். பொருந்தாவிட்டால் சத்தமில்லாமல் மூலத்திலிருந்து மறுபடி கம்பைல் செய்து புதிதாக எழுதிவிடும்.

இந்த நேரக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு, அதில் எனக்கு அரை நாள் போயிருக்கிறது. வரி விகிதத்தில் 5-ஐ 8 ஆக்கி சர்வரில் போட்டேன், கணக்கு பழையபடியே வந்தது. ஒரு இலக்கம் மாறினால் கோப்பின் அளவு மாறாது, நாங்கள் வைத்திருந்த ஸ்கிரிப்டோ எல்லாக் கோப்புக்கும் ஒரே தேதியைப் போட்டுக்கொண்டிருந்தது. பைத்தானின் கண்ணுக்கு எதுவுமே மாறவில்லை!

3.7-இல் இதற்கு வழி வந்தது. நேரமும் அளவும் இருந்த எட்டு பைட்டில் மூலக் கோப்பின் ஹேஷை (அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்ணை) வைக்கலாம், ஒரு எழுத்து மாறினாலும் ஹேஷ் மாறிவிடும். ஆனால் அதை ஒப்பிட ஒவ்வொரு முறையும் மூலக் கோப்பு முழுவதையும் படித்தாக வேண்டும், அதனால்தான் சாதாரணமாக இம்போர்ட் செய்யும்போது இன்றும் நேரத்தையும் அளவையுமே பைத்தான் பார்க்கிறது.