வாடிய செடிக்கெல்லாம் தண்ணீர் தேவையில்லை

வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் ஊற்ற வேண்டும்?" என்பதுதான். எல்லாச் செடிக்கும் பொருந்தும் ஒரே கணக்கு கிடையாது. மே மாத வெயிலில் சேலம் அம்மாப்பேட்டை மொட்டை மாடியில், குரோ பேக் எனும் செடிப்பையில் நிற்கும் தக்காளிக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். அதே வீட்டின் பின்புறம் தரையில் நன்றாக வேரோடிய செம்பருத்தி மூன்று நான்கு நாள் தாங்கும். ஐப்பசி அடைமழையில் இரண்டுக்கும் ஒரு சொட்டும் வேண்டாம். தோட்டக்கலை ஆலோசகனாக நான் போய்ப் பார்க்கும் வீடுகளில், தண்ணீர் இல்லாமல் காய்ந்த செடிகளைவிடத் தண்ணீர் மிகுந்து செத்த செடிகளே அதிகம்.

அழகாபுரத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வரிசையாக ரோஜாத் தொட்டிகள். இலைகள் மஞ்சளாகித் தொங்கிக்கொண்டிருந்தன. "தினமும் காலையும் மாலையும் தவறாமல் ஊற்றுகிறேன் தம்பி, அப்படியும் வாடுகிறதே" என்று அந்த அம்மா வருத்தப்பட்டார். ஒரு தொட்டியைச் சாய்த்துச் செடியை மண்ணோடு உருவினேன். சாக்கடை வாடை அடித்தது. வெள்ளையாக, விறைப்பாக இருக்க வேண்டிய வேர்கள் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று இருந்தன. ஒரு வேரை இரு விரலால் பிடித்து இழுத்ததும் மேல்தோல் கழன்று கையோடு வந்தது. உள்ளே மெல்லிய நார் மட்டும் மிச்சம். தொட்டியின் அடித்துளையை மண் அடைத்திருந்தது.

வேரும் மூச்சு விடும். மண் துகள்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளில் காற்றும் இருக்க வேண்டும், நீரும் இருக்க வேண்டும். இடைவெளி முழுவதையும் எப்போதும் நீரே நிரப்பியிருந்தால், பிராணவாயு கிடைக்காமல் வேர்நுனிகள் சாகும். அதற்குள் பிதியம், பைட்டோப்தோரா போன்ற நுண்ணுயிரிகள் ஈர மண்ணில் பரவி அழுகலை முடித்துவைக்கும். வேர் அழுகிய செடியால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகவே தண்ணீருக்குள் நின்றுகொண்டே அது வாடும். பார்ப்பவருக்கு அது தாகத்தில் வாடுவதுபோலத்தான் தெரியும். இன்னொரு குவளை ஊற்றுவார். அன்போடு செய்கிற இந்தக் காரியம்தான் செடியைக் கொல்கிறது. அந்த அம்மாவிடம் துளைகளைக் குத்தித் திறக்கச் சொன்னேன், தொட்டிகளை நிழலுக்கு நகர்த்தி, மண் காயும்வரை தண்ணீர்ப் பக்கமே போக வேண்டாம் என்றேன். வேர் கொஞ்சம் மிஞ்சியிருந்த செடிகள் தளிர்விட்டன. மற்றவற்றைக் காப்பாற்ற முடியவில்லை.

ஊற்றும் முன் விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விடுங்கள். மேல்மண் வெளுத்துப்போய் இருப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தென்னை நார்த்தூள் கலந்த தொட்டிகளில் இது பெரிய ஏமாற்று: மேலே மொறமொறவென்று உலர்ந்திருக்கும், கீழே பிழிந்தால் நீர் சொட்டும். விரலில் ஈரம் ஒட்டினால் அன்றைக்கு விட்டுவிடலாம். சிறிய தொட்டியானால் தூக்கிப் பாருங்கள். நனைந்த கனமும் உலர்ந்த கனமும் சில நாளிலேயே கைக்குப் பழகிவிடும். மாலையில் வாடிய இலை மறுநாள் விடியற்காலையிலும் வாடியே கிடந்து, மண்ணும் உலர்ந்திருந்தால் அது உண்மையான தாகம். நண்பகலில் மட்டும் தொங்கி, வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்துவிடும் பூசணி, கத்தரி இலைகளுக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. வேர் கொடுப்பதைவிட வேகமாக இலை நீரை ஆவியாக்குவதால் வரும் தற்காலிக வாட்டம் அது.

ஊற்றுவதென்றால் நிறைய ஊற்ற வேண்டும். தினம் ஒரு சொம்பு தெளித்தால் மேலே ஓர் அங்குலம்தான் நனையும், வேரும் மேலேயே தங்கிவிடும், ஒரு நாள் தவறினாலும் செடி துவளும். 12 அங்குலத் தொட்டிக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர்வரை, அடித்துளையில் நீர் கசியும்வரை மெதுவாக ஊற்றிவிட்டு, பிறகு மண் உலரக் காத்திருக்க வேண்டும். நம் விவசாயிகள் வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான். விதைப்பாத்தி, கீரை, புதிதாக நட்ட நாற்று ஆகியவை மட்டும் விதிவிலக்கு; அவற்றுக்குப் பூவாளியால் தினமும் லேசான ஈரம் வேண்டும். தக்காளிக்கு ஒரு வாரம் வறட்சி, மறுவாரம் வெள்ளம் என்று போனால், சுண்ணாம்புச் சத்து காயின் நுனிவரை போய்ச் சேராமல் காயின் அடி கறுத்து அழுகும். அதை நோய் என்று நினைத்துப் பலர் மருந்து அடிக்கிறார்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை அதிகாலைதான் நல்லது. மாலையில் ஊற்றினால் இலையில் படாமல் தூரில் மட்டும் ஊற்றுங்கள். இரவெல்லாம் நனைந்திருக்கும் இலையில் பூஞ்சணம் எளிதில் பிடிக்கும். மாடியில் வெயிலில் கிடந்த ஹோஸில் முதலில் வருவது வெந்நீர். அதை வாளியில் பிடித்து ஆறவைத்துவிட்டுப் பிறகு செடிக்குத் திருப்புங்கள்.

சேலத்துக்கே உரிய ஒரு பழக்கம் உண்டு. குழாயில் காவிரித் தண்ணீர் வருகிற நாளில், வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிறைந்து வழிகிறதே என்று எல்லாச் செடிக்கும் விட்டுவிடுவார்கள். வராத நாட்களில் செடி காயும். குழாய்க்கு ஏற்பச் செடி வளராது. ஒரு டிரம்மில் பிடித்து மூடிவைத்துக்கொண்டு, மண் கேட்கிற அன்றைக்கு ஊற்றுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரை மட்டும் நம்பியிருப்பவர்கள் தொட்டி விளிம்பில் படியும் வெள்ளைப் படலத்தைக் கவனிக்க வேண்டும். அது உப்பு. அதைவிட மோசம், குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீரைத் தொடர்ந்து செடிக்கு ஊற்றுவது. வீணாகிறதே என்ற நல்லெண்ணம் எனக்குப் புரிகிறது, ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் அந்த நீரில்தான் இருக்கிறது. இலை நுனி கருகத் தொடங்கினால் அதை நிறுத்திவிட்டுத் தரை கழுவப் பயன்படுத்துங்கள். மழைநீர் கிடைத்தால் தொட்டி மண்ணை நன்றாக ஊற ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்றலாம்.

மே மாதம் கோடை விழா முடிந்து ஏற்காட்டிலிருந்து இறங்கும் கார்களின் பின்னிருக்கையில் ஹைட்ரேஞ்சியா, பிகோனியா, பெரணி எல்லாம் இறங்கி வருகின்றன. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனியிலும் மர நிழலிலும் வளர்ந்தவை அவை. 20 கொண்டை ஊசி வளைவுகள் கீழே வந்ததும் அனல் காற்று. அன்று மாலையே இலை சுருண்டுவிடும். உடனே தண்ணீர், மறுநாளும் தண்ணீர், பத்து நாளில் அழுகல். அந்தச் செடிக்குத் தேவை நிழலும் காற்றின் ஈரமும். கிழக்கு பார்த்த வராந்தாவில், மற்றச் செடிகளோடு நெருக்கி வைத்து, மண்ணின் மேல் காய்ந்த சருகு மூடாக்குப் போட்டால் சில நாட்களில் நிலைகொள்ளும். நம் ஊர் வெயில் பழகிய செடிகளையே தேடுபவர்களுக்குப் பனமரத்துப்பட்டிப் பக்கம் வயல் வயலாகப் பூக்கும் அரளியைச் சொல்வேன். வேர் பிடித்த பிறகு வாரம் ஒரு முறை போதும். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு என்பதால் சிறு குழந்தைகள், ஆடுமாடுகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

தொட்டிகளுக்கு அடியில் வைக்கும் தட்டில் நீர் நிற்கக் கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிட்டு, ஏழெட்டு நாளில் கொசுவாகப் பறந்துவிடும். வாரம் ஒரு நாளாவது தட்டைக் கொட்டிச் சுரண்டித் துடையுங்கள். முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும்.

கடைசியாக மாமரம். சேலத்தில் வீட்டுக்கு ஒரு மாமரம் நிற்கிறது, "காய்க்கவே மாட்டேன் என்கிறது" என்ற புகாரும் கூடவே நிற்கிறது. பெரும்பாலும் அந்த மரத்தின் தூரில்தான் துணி துவைத்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் ஆண்டு முழுவதும் பாய்கின்றன. காய்க்கும் வயது வந்த மாமரம் பூப்பதற்கு முன் இரண்டு மூன்று மாதம் உலர்ந்து கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் பூவுக்குப் பதில் தளிராக விட்டுக்கொண்டே போகும். மழை ஓய்ந்ததும் கார்த்திகையிலிருந்து அந்த நீரை வாழைக்குத் திருப்பிவிடுங்கள். பூத்து, பிஞ்சு கோலிக்குண்டு அளவு திரண்ட பிறகு மறுபடி பாய்ச்சலாம். நட்டு மூன்று நான்கு ஆண்டு ஆகாத கன்றுகளுக்கு இந்தப் பட்டினி கூடாது.