கிண்டி காட்டுக்குள் போக சிறுவர் பூங்கா டிக்கெட் செல்லாது

சர்தார் பட்டேல் சாலையில் டிக்கெட் வாங்கி நீங்கள் நுழைவது கிண்டி சிறுவர் பூங்காவுக்குள். செவ்வாய்க்கிழமை அதுவும் கிடையாது. வெளிமான் மேயும் காடு வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அது 1978இல் தேசியப் பூங்காவானது, பரப்பு 2.7 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் முழுசாகப் பொருந்தும். பின்னணி இவ்வளவு போதும்.

எதற்கெல்லாம் அனுமதி தரலாம் என்று 28ஆவது பிரிவு சொல்கிறது: வனஉயிரின ஆய்வு, படிப்பு, புகைப்படம், சுற்றுலா. "தரலாம்" என்றுதான் இருக்கிறது, தந்தே ஆகவேண்டும் என்று இல்லை. அதனால் மனுவில் "இயற்கையை ரசிக்க" என்று எழுதிவிடாதீர்கள், திருப்பி அனுப்ப அதுவே சாக்காகிவிடும். "ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு மரம், பறவை அறிமுகம்" என்று நோக்கத்தை எழுதி, தேதி, நேரம், எத்தனை பேர், பொறுப்பாளர் யார் என்பதையும் சேருங்கள். முடிவு செய்பவர் தலைமை வனஉயிரினக் காப்பாளர். மனுவை அவர் பெயருக்கே எழுதுங்கள்.

கேட்டில் இருப்பவர் ரேஞ்சர் ஆபீஸுக்குக் கை காட்டுவார். அங்கே போனால் "மேலிடத்துல கேளுங்க". மேலிடத்தில் "சார் கேம்ப் போயிருக்காரு". எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியைக்கு இப்படியே கல்வியாண்டு ஓடிப்போனது. கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை, எல்லாமே வாய்வார்த்தை. மனுவைத் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் நகராதீர்கள். "நாளைக்கு வந்து சீல் வாங்கிக்கோங்க" என்றால் ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கான சான்றோடு அனுப்பிவிடுங்கள்.

பதிலே வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தரவேண்டும். "ஏன் தாமதம்?" என்று கேட்டால் நழுவிவிடுவார்கள். மனு மீது எழுதப்பட்ட அலுவலகக் குறிப்புகளின் நகலைக் கேளுங்கள். "இது எங்க ஆபீஸ் இல்லை" என்பதும் இங்கே எடுபடாது. உரிய அலுவலகத்துக்கு 5 நாளுக்குள் அவர்களேதான் மாற்றி அனுப்பவேண்டும்.

மேடவாக்கம் பக்கமுள்ள நன்மங்கலம் வேறு கதை. அது காப்புக்காடு, மாவட்ட வன அலுவலரின் பொறுப்பு. பழைய கல்குவாரிப் பள்ளத்தில் கொம்பன் ஆந்தை பார்க்கலாம் என்று இன்ஸ்டாகிராமில் கூப்பிட்டு ஜிபேயில் பணம் வாங்குகிறவர்கள் உண்டு. பணம் போடும் முன் அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள், அதில் இடமும் தேதியும் சரியா என்று பாருங்கள். வேலி இல்லாத இடம் வழியாகிவிடாது. அனுமதியில்லாமல் நுழைந்தால் 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம், மாட்டிக்கொள்வது உள்ளே நிற்கும் நீங்கள்தான்.

மலையேற்றம்தான் ஆசையென்றால், 2024இல் அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் திருவள்ளூர் மாவட்டக் கூடியம் குகைப் பாதைக்குப் பதிவு செய்யலாம். காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடுவதுண்டு, தேதியைப் பார்த்துவிட்டு லீவு போடுங்கள்.