500 ரூபாய் எண்ணுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள்: தேங்காய் ஏற்றுமதிக்கு இறங்குகிறவர்களுக்கு

ராமநாதபுரம் மாவட்டத்தில் பனைக்குளம், உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கம் தென்னந்தோப்புக்காரர்களிடமும் மகளிர் குழுக்களிடமும் சில ஏஜென்ட்கள் ‘எக்ஸ்போர்ட் லைசென்ஸ் வாங்கித் தருகிறேன்’ என்று பெருந்தொகை கறந்துகொண்டு போகிறார்கள். தேங்காய் ஏற்றுமதிக்கு அப்படி ஒரு லைசென்ஸே கிடையாது. முதலில் வேண்டியது ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி இறக்குமதி எண். அரசுக் கட்டணம் 500 ரூபாய். பான் அட்டை, முகவரிச் சான்று, ரத்து செய்த காசோலை, ஆதாரோடு இணைந்த கைபேசி இருந்தால் மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்ககமான டி.ஜி.எப்.டி. இணையதளத்தில் நீங்களே எடுத்துவிடலாம். அதன் மதுரை அலுவலகத்துக்கு அலைய வேண்டாம்.

பணம் போவதைவிட மோசமானது ஒன்று உண்டு. ஏஜென்ட் விண்ணப்பத்தில் தன் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவிடுவார். அதற்குப் பிறகு ஓடிபி, எச்சரிக்கை எல்லாம் அவருக்குத்தான் போகும். எனக்குத் தெரிந்த ஒரு குழுவுக்குத் தங்கள் எண் முடங்கியதே தெரியாது. சரக்கு மூட்டை கட்டிய பிறகுதான் தெரிந்தது. ஏஜென்ட் போனை எடுக்கவில்லை.

ஏன் முடங்கியது? ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஐ.இ.சி. விவரங்களை உறுதி செய்தாக வேண்டும். ஒன்றுமே மாறாவிட்டாலும் ‘மாறவில்லை’ என்று பதிய வேண்டும். அந்த மாதங்களில் செய்தால் கட்டணம் இல்லை. விட்டால் எண் செயலிழக்கும், சுங்கத்தில் சரக்கு நகராது. இந்த விதியைச் சொல்லித்தர ஊருக்குள் ஆள் இல்லை, தண்டனை மட்டும் தானாக வந்து சேர்கிறது.

அடுத்தது பெயர். ஒரு பானுக்கு ஒரு ஐ.இ.சி.தான். குழுவாகச் செய்கிறீர்கள் என்றால் குழுவின் பெயரிலேயே பான் எடுங்கள். ‘இப்போதைக்குத் தலைவி பானில் போடுவோம்’ என்று ஆரம்பித்தால் வரும் பணம் முழுவதும் அந்த அக்காவின் வருமானமாகத்தான் கணக்கில் நிற்கும், வருமான வரிக் கேள்வியும் அவருக்கே வரும். பானில் உள்ள எழுத்தும் வங்கிக் கணக்கில் உள்ள எழுத்தும் ஒன்றாக இருக்கட்டும். ஒரு இனிஷியல் மாறினாலும் அலைச்சல்தான்.

உண்மையான அலைக்கழிப்பு வங்கியில் நடக்கிறது. ஏற்றுமதிப் பணம் எந்த வங்கி வழியாக வரும் என்று காட்டும் எண்தான் ஏ.டி. கோடு. சுங்கத்தில் பதிய அந்தக் கோடு உள்ள கடிதம் வேண்டும். அதை அந்நியச் செலாவணி பார்க்கும் வங்கிதான் தர முடியும். கூட்டுறவு வங்கிக் கணக்கு பெரும்பாலும் இதற்கு உதவாது. ஊர்க் கிளையில் கேட்டால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகச் சொல்வார்கள், அங்கே போனால் வங்கிக்கே திருப்பி அனுப்புவார்கள். ‘உங்கள் வங்கியில் எந்தக் கிளை அந்நியச் செலாவணி பார்க்கிறது?’ என்று எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.

அப்புறம் ஆர்.சி.எம்.சி., அதாவது ஏற்றுமதியாளராக அந்தப் பொருளுக்கான வாரியத்தில் செய்யும் பதிவு. தேங்காய், கொப்பரை, எண்ணெய்க்குத் தென்னை வளர்ச்சி வாரியம். கயிறு, நார் என்றால் கயிறு வாரியம். இரண்டின் தலைமையகமும் கொச்சியில் இருப்பதால் பலர் குழம்பித் தவறான இடத்தில் பணம் கட்டுகிறார்கள். உணவுப் பாதுகாப்புக்கு, உள்ளூர்க் கடைக்கு வாங்கிய சிறிய எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு போதாது, ஏற்றுமதிக்கு அதன் மத்திய உரிமம் வேண்டும். கொப்பரை, எண்ணெய் அனுப்புகிறவர்கள் ஜி.எஸ்.டி.யில், வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழிக் கடிதமான எல்.யு.டி.யை நிதியாண்டுதோறும் புதிதாகப் போட வேண்டும். மார்ச் 31-உடன் பழையது செத்துவிடும்.

முழுத் தேங்காயாக அனுப்பினால், பூச்சி, நோய் இல்லை என்று காட்டும் தாவர நலச் சான்று கேட்பார்கள். அதற்குத் தூத்துக்குடியில் மத்திய அரசின் தாவர குவாரன்டைன் நிலையம் இருக்கிறது. வாங்கும் நாடு என்ன நிபந்தனை வைத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள், லோடு ஏற்றிய பிறகு ஓடாதீர்கள். இலங்கை, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் எல்லாம் தேங்காய் விற்கிற சந்தை இது. நம் காகிதம் தாமதமானால் வாங்குகிறவர் அடுத்த நாட்டுக்குப் போய்விடுவார்.

புது ஆளுக்கு முன்பணம் இல்லாமல் அனுப்பாதீர்கள். கடனில் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் வாங்கியவர் பணம் தராவிட்டால் ஈடு தரும் மத்திய அரசின் ஈ.சி.ஜி.சி. காப்பீட்டைச் சரக்கு கிளம்பும் முன்பே எடுங்கள். பணம் வரவில்லை என்று தெரிந்த பிறகு போய் நின்றால் தர மாட்டார்கள்.