டிஎஸ்எஸ் கோப்புக்குள் ஒலி இல்லை

பழைய ஒலிப்பதிவுக் கருவியிலிருந்து கணினிக்கு நகலெடுத்த கோப்பு திறக்க மறுத்தால், நம்மில் பலர் முதலில் செய்வது கோப்புப் பெயரின் கடைசியில் உள்ள டிஎஸ்எஸ் என்ற மூன்றெழுத்தை அழித்துவிட்டு எம்பி3 என்று எழுதுவதுதான். பெயர் மாறும்; உள்ளே ஒரு பைட்டும் மாறாது. கோப்பு இன்னதென்பதை அதன் முதல் சில பைட்டுகளே சொல்கின்றன, பெயர் அல்ல. பைட்டுகளைப் பதினாறடிமான எண்களாகக் காட்டும் செயலியில் இக்கோப்பைத் திறந்தால் 02 அல்லது 03 என்ற எண்ணும், அதையடுத்து 64, 73, 73 என்ற மூன்று எண்களும் தெரியும். அம்மூன்றும் டி, எஸ், எஸ் ஆகிய ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்கள்.

ஜெர்மனியின் கிரண்டிக் நிறுவனம் 1994-ல் உருவாக்கிய பேச்சுக் குறியீட்டு முறையே டிஎஸ்எஸ் (டிஜிட்டல் ஸ்பீச் ஸ்டாண்டர்ட்) என்ற இந்தக் கோப்பு வகைக்கு அடிப்படை. பின்னர் ஒலிம்பஸ், பிலிப்ஸ் நிறுவனங்களும் சேர்ந்துகொண்டு 1997-ல் அதைப் பொதுத்தரமாக அறிவித்தன. பொது என்றாலும் அது அந்த நிறுவனங்களுக்குள் மட்டும் பொது. மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் வாயால் சொல்லிப் பதிவு செய்ததைத் தட்டச்சர்கள் எழுத்தாக்கும் வேலைக்கென்றே இது பிறந்தது. சென்னையில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை பார்த்து, காலால் பெடலை மிதித்து ஒலியை நிறுத்தியும் ஓட்டியும் அமெரிக்க மருத்துவர்களின் குறிப்புகளைத் தட்டச்சு செய்தவர்களுக்கு இந்தக் கோப்பு பழக்கமானதாக இருக்கும்.

ஒரு மணி நேர ஸ்டீரியோ ஒலி குறுவட்டில் ஏறக்குறைய 635 எம்பி இடத்தைப் பிடிக்கும். இந்த முறையின் சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரப் பேச்சுக்குச் சுமார் 6 எம்பி போதும். இவ்வளவு சுருக்க முடிவதற்குக் காரணம், கோப்பு ஒலி அலையைச் சேமிக்கவே இல்லை என்பதுதான். குரல்வளையில் எழும் துடிப்பு தொண்டை, நாக்கு, உதடு ஆகியவற்றின் வழியே வரும்போது வடிகட்டப்பட்டுப் பேச்சாகிறது. ஆகவே அந்தத் துடிப்பு எப்படி இருந்தது, வாய் எந்த வடிவில் இருந்தது என்ற இரண்டையும் எண்களாகக் குறித்துவைத்தால், கேட்கும் நேரத்தில் கணினி அந்த வாயைக் கணக்கில் கட்டியெழுப்பிப் பேசவைத்துவிடும். கான்பூரில் பிறந்து அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய பிஷ்ணு அடல் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். ஒவ்வொரு சிறு துண்டுக்கும் சில துடிப்புகளை மட்டும் தேர்ந்தெடுத்துக் குறித்தாலே இயல்பான பேச்சு கிடைக்கும் என்று அவரும் ஜோயல் ரெம்டியும் 1982-ல் காட்டினர். டிஎஸ்எஸ் கோப்பின் முறையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

ஒரு துண்டை மட்டும் எடுத்துப் பார்ப்போம். அது ஏறத்தாழ 24 மில்லி விநாடிப் பேச்சு. அளவு 41 பைட்டுகள். வாயின் வடிவத்தைச் சொல்ல அதில் 14 எண்கள் இருக்கின்றன. மீதமுள்ளவை நான்கு உட்பகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் குரலின் சுருதியும், சத்தத்தின் அளவும், 7 துடிப்புகளின் இடமும் உயரமும் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவ்வளவுதான். மனித வாயைத் தவிர வேறெதையும் இக்கணக்கு அறியாததால், பின்னணியில் ஓடிய மின்விசிறியையும் கோயில் மணியையும்கூட வாயால் ஒலித்துக் காட்ட முயன்று, தண்ணீருக்கடியில் கேட்பதுபோன்ற ஓசையைத் தரும். பழைய பதிவுகளில் பாட்டு கோணலாகக் கேட்பதற்குக் கருவியின் மைக்கை மட்டும் குறைசொல்ல முடியாது.

இதைத் திறப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கோப்பு 512 பைட்டுகள் கொண்ட கட்டங்களாக அடுக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் 6 பைட்டுகள் குறிப்புக்கெனப் போய்விடுகின்றன. எஞ்சிய 506-ஐ 41-ஆல் வகுத்தால் மீதி விழுகிறது. எனவே ஒரு கட்டத்தின் முடிவில் தொடங்கும் துண்டு அடுத்த கட்டத்தில்தான் முடியும். போதாக்குறைக்குப் பைட்டுகள் இரண்டிரண்டாக இடம் மாறி நிற்கின்றன. 41 ஒற்றைப்படை எண்ணாயிற்றே, ஒரு துண்டின் கடைசி இணையில் ஒரு பைட்டு அடுத்த துண்டுக்குச் சொந்தமாகிவிடும். இப்படிப்பட்ட கோப்பை வெளியாட்கள் பிரித்தறிந்து, எஃப்எஃப்எம்பெக் என்ற திறமூல மென்பொருளில் சேர்த்திருப்பது பாராட்டத்தக்க உழைப்பு. இன்று அந்த மென்பொருளில் கோப்பைக் கொடுத்து வேவ் என்ற சுருக்காத ஒலிக்கோப்பாக ஆக்கச் சொன்னால் சில விநாடிகளில் வேலை முடிந்துவிடும். நீண்ட நேரப் பதிவுக்கான தரத்தில் பதிந்த கோப்பு இன்னும் எளிது, அதிலிருப்பது ஜி.723.1 என்ற பன்னாட்டுத் தொலைத்தொடர்புத் தரம், அதன் விவரம் வெளியிடப்பட்ட ஒன்று.

அடுத்து வந்த டிஎஸ்2 கோப்பில் நிலைமை வேறு. அதைக் கடவுச்சொல்லிட்டு ஏஇஎஸ் முறையில் மறையாக்கம் செய்ய முடியும். அவ்வாறு பூட்டிய கோப்பைக் கடவுச்சொல் இன்றித் திறக்க நேர்மையான வழி கிடையாது; இணையத்தில் எந்தக் கோப்பையும் மாற்றித் தருவதாக விளம்பரம் செய்யும் தளங்களை நம்பி ஒரு நோயாளியின் விவரத்தை ஏற்றுவது அறிவுடைமையும் ஆகாது. சோனி கருவிகளின் டிவிஎஃப், எம்எஸ்வி கோப்புகளைப் பொறுத்தவரை அந்நிறுவனத்தின் மென்பொருளையே தேடிப் பிடிப்பதுதான் பாதுகாப்பான வழி. அதுவும் கிடைக்காவிட்டால், கருவி இன்னும் ஓடும் பட்சத்தில், அதன் ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு வயர் இட்டு ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிந்துகொள்ளலாம். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்பதைத் தவிர அதில் குறை பெரிதாக இல்லை.

மாற்றும்போது 320 கேபிபிஎஸ் எம்பி3 என்று பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்தால் குரல் தெளியும் என்று எண்ண வேண்டாம். சாதாரணத் தரத்தில் விநாடிக்கு 11,025 மாதிரிகளே (ஒலி அலையின் அளவீடுகளே) வெளிவருகின்றன; அந்த எண்ணிக்கையில் பாதி அதிர்வெண் வரைதான் ஒலியைக் காட்ட முடியும் என்பதால் ஏறக்குறைய 5,500 ஹெர்ட்சுக்கு மேல் ஒன்றும் இருக்காது. 'ஸ' ஒலியின் கூர்மை பதிவு செய்த அன்றே போய்விட்டது. வேவ் அல்லது, தரம் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் ஆக மாற்றினால் இருப்பது மேலும் தேயாமல் நிற்கும்.

மூலக் கோப்பை அழிக்காமல் வைத்துக்கொள்ளவும் ஒரு காரணம் உண்டு. அதன் தொடக்கத்திலிருந்து 38 பைட்டுகள் தாண்டினால் 12 இலக்கங்கள், அவற்றை ஒட்டி மேலும் 12 இலக்கங்கள் இருக்கின்றன. முதலாவது பதிவு தொடங்கிய ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி. இரண்டாவது முடிந்த நேரம். மாற்றிய கோப்பில் கணினி காட்டும் தேதியோ, நீங்கள் அதை மாற்றிய நாளாகத்தான் இருக்கும்.