ஹார்பர் இருக்கும் ஊருக்கு யார் பிளான் போடுகிறார்கள்?

சென்னையோ தூத்துக்குடியோ இன்னும் இருபது முப்பது வருடத்தில் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள மாநகராட்சி பட்ஜெட்டையும் நகரமைப்புத் துறையின் மாஸ்டர் பிளானையும் மட்டும் பார்த்தால் போதாது. துறைமுகத்துக்கென்று தனி பிளான் உண்டு, தனிச் சட்டமும் உண்டு.

2021-இல் வந்த பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டம்தான் அது. 1963-ஆம் ஆண்டின் போர்ட் டிரஸ்ட் சட்டத்துக்குப் பதிலாக வந்தது, 2021 நவம்பர் 3 முதல் அமலில் இருக்கிறது. (எண்ணூர் காமராஜர் துறைமுகம் கம்பெனியாகப் பதிவானது, அதனால் இதில் வராது.) கப்பல், சரக்குக் கட்டணங்களை முன்பு தனி அமைப்பு நிர்ணயித்தது, இப்போது துறைமுகத்தை நடத்தும் நிர்வாகக் குழுவான போர்டே நிர்ணயிக்கலாம். அது வியாபாரிகள் பாடு.

ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறு. துறைமுக எல்லைக்கும் துறைமுக நிலத்துக்கும் போர்டு தனியாக மாஸ்டர் பிளான் போடலாம், அது உள்ளூர் அமைப்பின் பிளானோடு முட்டினால் போர்டு போட்டதுதான் நிற்கும் என்று சட்டமே சொல்கிறது. சரி, அந்த போர்டில் யார் யார்? தலைவர், துணைத்தலைவர், மாநில அரசு, ரயில்வே, பாதுகாப்புத் துறை, சுங்கத் துறை ஆகியவற்றிலிருந்து ஒவ்வொருவர், மத்திய அரசு நியமிக்கும் ஒரு அதிகாரி, இரண்டு முதல் நான்கு சுயேச்சை உறுப்பினர்கள், தொழிலாளர் சார்பில் இரண்டு பேர். மேயருக்கோ மாநகராட்சிக்கோ என்று ஒரு நாற்காலி கிடையாது. கண்டெய்னர் லாரி நிற்பது என்னவோ மாநகராட்சி ரோட்டில்தான்!

அப்புறம் நமக்கு என்ன வழி என்றால், சுற்றுச்சூழல் அனுமதி. மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பெரிய துறைமுக வேலைகளுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும், சில வேலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்புக் கொடுக்கும். அந்த வேலையால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு என்று சொல்லும் ஆய்வறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும், கலெக்டர் ஆபீஸில் கேட்டு வாங்கிப் படிக்கலாம். முழு அறிக்கை தடிமனாக இருக்கும், பயப்பட வேண்டாம், நம் தெரு, நம் கடற்கரை வரும் பக்கங்களைப் பார்த்தாலே பாதி விஷயம் பிடிபடும்.

நேரில் பேசுவதோடு எழுத்திலும் கொடுத்துவிடுங்கள். இந்தக் கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற கணக்கே இல்லை, பத்துப் பேர் வந்தாலும் நடந்ததாகத்தான் பதிவாகும்.