எதைத் தூக்கினீங்க, அண்ணே?

இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாக ஒதுங்கி உள்ளே வருபவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். பெரிய செம்பனைக் குலை, உர மூட்டை என்று பதில் வரும் என நினைப்பீர்கள். பல பேர் சொல்வது வேறு. கீழே விழுந்த சோப்பை எடுத்தேன். பேரனுக்குச் சப்பாத்து மாட்டிவிடக் குனிந்தேன். தும்மினேன், அவ்வளவுதான் மிஸ்ஸி.

மலேசியாவில், தெலுக் இந்தானில் பிசியோதெராபி செய்கிறேன். 1885-ல் கட்டிய சாய்ந்த கோபுரம் உள்ள ஊர் என்பதால், வலியில் இடுப்பு ஒதுங்கி நிற்பவரை வீட்டுக்காரர்களே "கோபுரம் வந்திருக்கு" என்று கிண்டல் செய்தபடி கூட்டி வருவார்கள். அந்தச் சாய்வைக் கண்டு பயப்பட வேண்டாம். எலும்பு வளைந்து வந்ததல்ல அது. வலிக்கும் இடத்துக்குப் பாரம் போகாமல் தசைகள் உடம்பைத் தள்ளி நிறுத்துகின்றன. வலி தணியத் தணிய, பெரும்பாலும் தானாக நிமிர்ந்துவிடும்.

சரி, சோப்பா இடுப்பை முறித்தது? இல்லை. அதற்கு முந்திய சில வாரங்களைக் கேட்டால் கதை வெளிவரும். ஆள் பற்றாக்குறையில் இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்த்திருப்பார். உதிர்ந்த செம்பனைக் கொட்டை பொறுக்கும் அம்மா காலையிலிருந்து குனிந்த முதுகு நிமிராமல் இருந்திருப்பார். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரை மருமகள் தனியாகத் தூக்கிக் குளிப்பாட்டியிருப்பார். வெகுநேரம் குனிந்தே இருந்தால் முதுகெலும்பைச் சுற்றியுள்ள தசைநார்கள் இளகிவிடும், தசைகளும் களைத்துவிடும். அப்புறம் ஒரு சோப்பே போதும்.

இன்னொன்று, பெரட்டு நேரம், அதாவது தோட்டத்து ஆட்களை விடியற்காலையில் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் நேரம். இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். காலையில் நாம் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் உயரமாக எழுந்திருப்பது அதனால்தான். உப்பிய தட்டு குனிவதை விரும்பாது. 1998-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களை எழுந்த பின் முதல் இரண்டு மணி நேரம் குனியாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். வலி நாட்கள் குறைந்தன. நம் தோட்டங்களில் விடியும் முன் பெரட்டு, உடனே வேலை. எழுந்த நேரத்தை மாற்ற முடியாது, ஆனால் முதல் வேலையை மாற்றலாம். குனிந்து பொறுக்கும் வேலையைத் தள்ளிவைத்து, நடந்து செய்யும் வேலையை முதலில் எடுங்கள். வீட்டிலும் கூட்டுவது, துடைப்பதை காலைப் பசியாறலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

"முட்டியை மடக்கி, முதுகை நேராக வைத்துத் தூக்கு" என்று எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். தவறில்லை, ஆனால் பாதிப் பேச்சுதான். தூக்கும் முறையை மட்டும் சொல்லிக்கொடுத்து வேலையை அப்படியே விட்டால் முதுகு வலி குறைவதில்லை என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். என்னைக் கேட்டால், முட்டியைவிடப் பெரிய விஷயம் சுமை உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. 1999-ல் ஜெர்மனியில் ஒரு தன்னார்வலரின் முதுகுத் தட்டுக்குள்ளேயே அழுத்தமானியைச் செருகி அளந்தார்கள். சும்மா நிற்கும்போது அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல். 20 கிலோவை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்தால் 1.1. அதே 20 கிலோவை 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் 1.8. முதுகை வளைத்துத் தூக்கும்போது 2.3, முட்டியை மடக்கித் தூக்கும்போது 1.7. ஒரே ஒரு ஆளிடம் எடுத்த அளவுதான், ஆனாலும் கணக்கு புரிகிறது. முட்டியை அழகாக மடக்கிவிட்டு மூட்டையைக் கை நீட்டிப் பிடித்தால் பெரிய லாபம் இல்லை.

பால்மர (ரப்பர்) காலத்து ஆட்கள் இதை யாரும் சொல்லாமலே செய்தார்கள். தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் இரண்டு வாளியும் இரு பக்கம் தொங்கும், நடுவில் தோள். 2013-ல் வந்த ஒரு கனடிய ஆய்வு இதே மாதிரி ஒன்றை அளந்தது. ஒரு கையில் 30 கிலோவைத் தூக்கி நடப்பதைவிட, இரண்டு கையிலும் தலா 30 கிலோ தூக்கி நடக்கும்போது கீழ் முதுகெலும்பில் அழுத்தம் குறைவாம். மொத்தம் இரட்டிப்புச் சுமை, ஆனாலும் குறைவு! ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் மறுபக்கத் தசைகள் முழு பலத்தோடு எதிர்த்து இழுக்க வேண்டியிருக்கிறது, அந்த இழுப்பும் எலும்பின் மேல்தான் விழுகிறது. ஒரே வாளியில் நிரப்பிக் கோணலாக நடக்காமல் இரண்டு வாளியில் பாதிப் பாதியாக எடுங்கள்.

இப்போது செம்பனை. வெட்டுபவர்களில் நிறையப் பேர் இன்று இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள். நம்மவர்கள் டிராக்டரிலும், லோரியிலும், ஆலையிலும், மருந்து அடிக்கும் கூட்டத்திலும் இருக்கிறார்கள். லோரிக்குக் குலை ஏற்றும் ஒரு அண்ணனின் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கூரான கம்பியால் குலையைக் குத்துகிறார், தரையிலிருந்து இழுத்துத் தொடையில் ஏற்றுகிறார், இடுப்பைத் திருகி, தலைக்கு மேல் லோரிக்குள் எறிகிறார். கால் அசையவே இல்லை. சேற்றில் புதைந்திருக்கும் பூட்ஸ் திரும்பாது, அதனால் திருகல் எல்லாம் இடுப்பில்தான். குலை சாதாரணமாக 10 முதல் 25 கிலோ, முதிர்ந்த மரமானால் அதற்கும் மேல். நம் நாட்டுத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் வழிகாட்டி, இடுப்பு உயரத்தில் உடம்போடு ஒட்டித் தூக்கினால் ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ என்கிறது. தோளுக்கு மேலேயோ தரையிலிருந்தோ தூக்கினால் அது 10 கிலோவுக்கும் 7 கிலோவுக்கும் இறங்கிவிடும். திரும்பத் திரும்பத் தூக்கினாலும் திருகினாலும் இன்னும் குறைக்க வேண்டும். அந்த அண்ணனின் வேலை இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது என்று நீங்களே பாருங்கள்.

அவரிடம் போய் "முட்டியை மடக்குங்க" என்று சொன்னால் சிரிப்பார், நியாயமாகத்தான். குலையைக் கவ்வித் தூக்கும் கிராப்பர் வைத்த டிராக்டர் வாங்க வேண்டியது அவரல்ல, தோட்ட நிர்வாகம். அது வரும்வரை அவரால் முடிந்தது இரண்டு. எறியும் பக்கத்துக்குப் பாதத்தையும் சேர்த்துத் திருப்புவது ஒன்று. லோரியின் வலப்பக்கம், இடப்பக்கம் மாறி மாறி ஏற்றுவது இன்னொன்று.

மருந்து பம்பு 16 லிட்டர் என்றால் தண்ணீரே 16 கிலோ. முதுகில் ஏறிய பிறகு அது அவ்வளவு மோசமில்லை, உடம்போடு ஒட்டித்தான் இருக்கிறது. தரையிலிருந்து ஒரு தோளில் மாட்டி, திருகி, மறு தோளுக்குக் கொண்டுபோகும் அந்த ஒரு நொடிதான் ஆபத்து. பம்பை லோரியின் பின்பலகையிலோ இடுப்பு உயர மேடையிலோ வைத்து நிரப்புங்கள். அப்புறம் அதற்கு முதுகைக் காட்டி நின்று இரண்டு பட்டையையும் ஒன்றாக மாட்டுங்கள். 50 கிலோ உர மூட்டையை ஒருவர் தூக்குவது வீரம் இல்லை. லோரியில் இருக்கும்போதே பிரித்து வாளிகளில் எடுங்கள். வீட்டு கேஸ் தோங்கில் (சிலிண்டரில்) உள்ளே இருப்பது 14 கிலோ, இரும்பையும் சேர்த்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கொஞ்சம் சாய்த்து, அடி விளிம்பில் உருட்டிக்கொண்டே போனால் தூக்கவே வேண்டாம்.

குலையைவிட எனக்குக் கவலை தருவது கட்டில். பக்கவாதம் வந்த அம்மாவைத் தூக்கும் மகள்கள் அதிகமாக வருகிறார்கள். அக்குளில் கை கொடுத்து மேலே இழுப்பார்கள். அம்மாவின் தோளும் போகும், மகளின் இடுப்பும் போகும். முதலில் அம்மாவைக் கட்டில் ஓரத்துக்கு நகர்த்துங்கள். பாதங்கள் தரையில் ஊன்றி, முட்டிக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். நாற்காலியை அவருடைய நல்ல பக்கத்தில், கட்டிலை ஒட்டி வையுங்கள். இடுப்பில் அகலமான பெல்டையோ மடித்த துண்டையோ இறுக்கிக் கட்டி அதைப் பிடியுங்கள். "அம்மா, மூக்கு பாதத்துக்கு மேலே வர்ற மாதிரி முன்னாடி சாயுங்க" என்று சொல்லி, ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். அவர் முன்னால் சாய்ந்ததும் பின்பக்கம் தானாக லேசாகும். நீங்கள் தூக்க வேண்டாம், பின்னால் அடியெடுத்துத் திரும்பினால் போதும். கொஞ்சமும் கால் ஊன்ற முடியாதவரைத் தனியாக மாற்றாதீர்கள், இன்னொரு ஆள் வேண்டும்.

இடுப்பு பெல்ட் கட்டலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வலி இல்லாதவர் கட்டினால் காயம் வராமல் தடுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. நாள்பட்ட வலிக்கு வழக்கமான சிகிச்சையாக அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனமே 2023-ல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. பெல்ட் கட்டிய தைரியத்தில் கூடுதலாகத் தூக்குவதுதான் நான் பார்ப்பது.

வலி வந்துவிட்டது, என்ன செய்வது? படுத்தே கிடக்காதீர்கள். ஒரு நாள், இரண்டு நாள் வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வீட்டுக்குள்ளாவது மணிக்கு ஒரு தடவை நடங்கள். சாதாரண இடுப்பு வலியில் பெரும்பாலானவை சில வாரங்களில் நன்றாகக் குறைந்துவிடும். சூடு வைப்பது இதம் தரும். ஊருட், அதாவது மசாஜ், செய்யும் பாட்டியிடம் போவதை நான் தடுப்பதில்லை, தசை தளர்ந்தால் நல்லதுதான். முதுகில் ஏறி மிதிப்பது, "நரம்பைத் தட்டி உட்கார வைக்கிறேன்" என்று முறுக்குவது, இதெல்லாம் வேண்டாம்.

மருந்தில்தான் கண்டிப்பாக இருக்கச் சொல்வேன். வலி மாத்திரைகள் பல, வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்ப்பவை. நீரிழிவோ ரத்த அழுத்தமோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் நாள் கணக்கில் போடாதீர்கள். அதைவிட மோசம், சந்தையில் விற்கும் பெயர் தெரியாத ஜாமு, மாஜூன் போன்ற நாட்டு மருந்துகள். இரண்டே வேளையில் வலி பறந்துவிடும், முகம் உப்பும், சர்க்கரை ஏறும். இத்தகைய பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. பாட்டிலில் 'மால்' (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே நீண்ட நாள் சாப்பிட்டிருந்தால் திடீரென நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

எம்.ஆர்.ஐ. அவசரம் எல்லோருக்கும் வேண்டியதில்லை. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்தாலும் 20 வயதில் 37 சதவீதத்தினருக்கும், 80 வயதில் 96 சதவீதத்தினருக்கும் தட்டுத் தேய்மானம் தெரிகிறது. ஆனால் சிறுநீர் போக முடியாமலோ அடக்க முடியாமலோ போனால், மலவாய்ப் பகுதி மரத்துப் போனால், பாதம் தூக்க முடியாமல் தொங்கினால், இரண்டு காலும் பலவீனமானால் அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, ராத்திரி தூங்கவிடாத வலி, புற்றுநோய் வந்த வரலாறு, கீழே விழுந்த அடி, இவற்றையும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

வருடக்கணக்கில் வலியோடு இருப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நல்ல நாள் வந்தால் தீபாவளிக்கு வீட்டையே புரட்டிப் போட்டுச் சுத்தம் செய்வார்கள், அப்புறம் மூன்று நாள் படுக்கை. நல்ல நாளில் கொஞ்சம் குறைத்தும் கெட்ட நாளில் கொஞ்சம் கூட்டியும் செய்யப் பழக வேண்டும். உடற்பயிற்சி என்றதும் ஜிம் வேண்டாம். 2024-ல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், இடுப்பு வலியிலிருந்து மீண்டவர்கள் மெல்ல மெல்லக் கூட்டி, வாரத்தில் 5 நாள் 30 நிமிடம்வரை நடந்தார்கள். நடந்தவர்களுக்கு வலி திரும்ப வர 208 நாள், நடக்காதவர்களுக்கு 112 நாள். இரண்டும் இடைநிலை மதிப்பு, அதாவது பாதிப் பேருக்கு அந்த நாளுக்குள் வலி திரும்பியிருந்தது. திடல் உள்ள ஊரில் இதற்குக் காசு தேவையில்லை.

கடைசியாக எம்.சி., அதாவது டாக்டர் தரும் மருத்துவ விடுப்பு விஷயம். டன்னுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் வலியை மறைப்பார், எனக்குப் புரிகிறது. ஆனால் முதல் தடவை டாக்டரைப் பார்க்கும்போதே "வேலையில் தூக்கும்போது வந்தது" என்று சொல்லி அட்டையில் எழுத வையுங்கள். பிறகு சேர்ப்பது கஷ்டம். வேலையிட விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவிடம் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பிடம்) தெரிவிக்க வேண்டும். விபத்து நாளையும் சேர்த்து 4 நாளோ அதற்கு மேலோ எம்.சி. கிடைத்தால், சராசரி நாள் கூலியில் 80 சதவீதம் சொக்சோ தரும். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் 2019 முதல் இந்தப் பாதுகாப்பு உண்டு, பக்கத்தில் வேலை செய்யும் ஆளுக்கும் சொல்லுங்கள். வேலைக்குத் திரும்பும் நாளிலேயே பழைய சுமைக்குப் போகாமல், லைட் டியூட்டி கடிதம் கேளுங்கள். அதில் "கனமான வேலை வேண்டாம்" என்று மட்டும் இருந்தால் மண்டோருக்கு, அதாவது வேலையை மேற்பார்க்கும் கங்காணிக்கு, ஒன்றும் விளங்காது. எத்தனை கிலோவரை, எந்த உயரத்திலிருந்து, எத்தனை வாரத்துக்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.