ஒலிபெருக்கி: பெருக்காத பெருக்கி

லவுட்ஸ்பீக்கர் என்பதற்கு நேர்ப்பொருள் ‘உரக்கப் பேசுவது’. தொலைபேசியைக் காதோடு ஒட்டிக் கேட்ட காலத்தில், தள்ளி நின்றாலும் குரல் கேட்கிற கருவி ஒன்றை 1870களின் இறுதியில் எடிசன் செய்தார். அதை ‘உரக்கப் பேசும் தொலைபேசி’ என்றார்கள். பெயரின் வேர் அங்கே இருக்கிறது. ஜெர்மன்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் ‘உரக்கப் பேசுவது’ என்றே தங்கள் மொழியில் சொல்லிக்கொண்டார்கள். தமிழ் அப்படிப் பெயர்க்கவில்லை. கருவி என்ன செய்கிறது என்று பார்த்து, ஒலியைப் பெருக்குகிறது, எனவே ஒலிபெருக்கி என்றது. (இரண்டாம் வேற்றுமைத் தொகை, நடுவில் ‘ப்’ வேண்டாம். துடைப்பக்காரர்களும் ‘பெருக்கு’கிறார்கள், அது வேறு பெருக்கு.)

நல்ல சொல்தான். ஆனால் அது சொல்வது உண்மையில்லை.

பழைய ஸ்பீக்கர் ஒன்றை எடுத்து, பின்புறமுள்ள இரண்டு முனைகளிலும் ஒரு பென்சில் செல்லைத் தொட்டுப் பாருங்கள். ‘டப்’ என்று ஒரு சத்தம். காகிதக் கூம்பு முன்னே துள்ளும். செல்லைத் திருப்பித் தொட்டால் பின்னே போகும். காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச்சுருள், அதில் ஒட்டிய கூம்பு, அவ்வளவே. அமெரிக்கப் பொறியாளர்கள் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாகும் 1925-இல் வெளியிட்ட வடிவத்தின் அடிப்படை இன்றும் மாறவில்லை. வந்த மின்சாரத்தை அது அசைவாக மாற்றுகிறது; எதையும் பெருக்கவில்லை. சொல்லப்போனால் இழக்கிறது. சாதாரணக் கூம்பு ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் மின்திறனில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் ஒலியாகிறது, மீதி சூடாகிப் போகிறது. பெருக்கும் வேலையைச் செய்வது ஆம்ப்ளிஃபயர். அதற்கும் தமிழில் ‘பெருக்கி’ என்றே பெயர் வைத்துவிட்டோம். பேச்சுவழக்கில் குழப்பம் இன்னும் அதிகம்: “மைக் அலறுது” என்பார்கள், அலறுவதென்னவோ ஸ்பீக்கர். மைக்குக்கு ‘ஒலிவாங்கி’ என்ற சொல் நிலைத்துவிட்டதால் அந்தப் பக்கமாவது எழுத்தில் தெளிவு உண்டு.

சரி, சொல்லை மாற்றிவிடலாமா? ‘ஒலிப்பான்’ என்றால் வண்டியின் ஹாரன் நினைவுக்கு வரும். ‘ஒலிபரப்பி’யை வானொலி பிடித்துக்கொண்டது. மாற்றவே வேண்டாம் என்பது என் கட்சி. காரணம் வேடிக்கையானது: தொழில்நுட்பமே இந்தச் சொல்லை மெய்யாக்கிக்கொண்டு வருகிறது. மேடைக் கச்சேரிகளுக்கு வரும் பெட்டிகள் பலவற்றில் இப்போது ஆம்ப்ளிஃபயரும் கணிப்புச் சில்லும் உள்ளேயே இருக்கின்றன. அந்தப் பெட்டியை ஒலிபெருக்கி என்றால் யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் சொல் மெய்யாகிற நேரத்தில் கருவியின் கவலை வேறெங்கோ போய்விட்டது. சத்தம் போதவில்லை என்பது இன்று பிரச்சினையே இல்லை. அந்தச் சத்தம் எங்கே போய் விழ வேண்டும் என்பதுதான் பிரச்சினை. 1990களின் தொடக்கத்தில் பிரான்சின் கிறிஸ்தியன் ஹைல் கொண்டுவந்த முறைக்குப் பிறகு பெரிய அரங்குகளில் ‘லைன் அரே’ பரவியது. மேடையின் இருபுறமும் வாழைப்பழம்போல வளைந்து தொங்கும் பெட்டி வரிசை அது. மேல் பெட்டிகள் கடைசி வரிசைக்காரருக்கு, வளைந்த கீழ்ப் பெட்டிகள் முன்வரிசைக்காரருக்கு. தனிப் பெட்டி என்றால் தூரம் இரட்டிக்கும்போது ஒலி 6 டெசிபெல் (ஒலியளவைச் சொல்லும் அலகு) குறையும். நீண்ட வரிசையில், ஓர் எல்லைவரை, 3 டெசிபெல்தான். இதற்கு ‘வரிசை ஒலிபெருக்கி’ என்ற சொல் தடுக்காமல் வாயில் வரும்.

அடுத்த கட்டம் இன்னும் சுவையானது. வரிசையை வளைக்காமல் நேராகவே தொங்கவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒலியைச் சற்றுப் பிந்தி அனுப்புவது. 10 சென்டிமீட்டர் இடைவெளியில் ஸ்பீக்கர்கள் இருந்தால், அடுத்தடுத்ததற்கு ஏறக்குறைய 0.15 மில்லி விநாடி தாமதம் கொடுத்தாலே ஒலி 30 பாகை திரும்பிவிடும். பெட்டி அசையாது, ஒலி மட்டும் திரும்பும். ஆனால் 10,000 ஹெர்ட்ஸ் (விநாடிக்குப் பத்தாயிரம் அதிர்வு) கீச்சொலியின் அலைநீளம் வெறும் 3.4 சென்டிமீட்டர், அதைத் திருப்ப 10 சென்டிமீட்டர் இடைவெளி ரொம்ப அதிகம், சிறு ஸ்பீக்கர்களை நெருக்கமாக அடுக்கியாக வேண்டும். லாஸ் வேகஸில் 2023-இல் திறந்த ஸ்பியர் அரங்கில் ஏறக்குறைய 1,67,000 ஸ்பீக்கர்கள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர். பாஸ் எனப்படும் கனத்த, தாழ்ந்த ஒலி மட்டும் இந்த வித்தைக்கு எளிதில் அடங்காது. 50 ஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய 7 மீட்டர் நீளம், அதற்கு இன்னமும் பெரிய கூம்பும் நிறைய காற்றும் வேண்டும்.

இப்படித் திருப்பி அனுப்பும் ஒலியை ‘ஒலிக்கற்றை’ என்றும், திருப்புவதைக் ‘கற்றை திருப்பல்’ என்றும் சொல்லலாம். பொருள் கச்சிதம், சொல்லவும் எளிது. ஒரே ஒரு தொல்லை: மேடையில் விளக்குக்காரரும் இருப்பார், அவரிடம் ‘ஒளிக்கற்றை’ இருக்கும். குறிப்பு எழுதுகிறவர் லகரம் ளகரம் தவறினால், திரும்ப வேண்டியது ஸ்பீக்கரா விளக்கா என்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.